ஜவான் யாருடைய படகு

எனக்கும் என் புருஷனுக்கும் சண்டை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சண்டை போட ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும். திருமலை பட்டாளத்துக்காரன். வருஷத்துக்கு இரண்டு மாதம் லீவில் காத்திவாக்கம் வருவான், மிச்ச நாளெல்லாம் எங்கேயோ பனியில் கிடப்பான். கல்யாணமான நாளிலிருந்து இப்படித்தான் ஓடியது. 2003 கோடையில் வந்தவன், டிரங்குப் பெட்டியை இறக்கி வைத்த கையோடு, "பிரிஞ்சிக்கலாம் புஷ்பா" என்றான். பொய் சொல்லமாட்டேன், அன்றைக்கு முழுக்க அழுதேன். மறுநாள் கூடையைத் தூக்கிக்கொண்டு மீன் விற்கப் போய்விட்டேன்.

ராயபுரத்தில் வக்கீல் ஹில்டாவைப் பார்த்தோம். இரண்டு பேரும் சம்மதித்து மனு போட்டால் இழுபறி இருக்காது என்றார். வீடு எனக்கும் மகள் சினேகாவுக்கும் என்று முடிவானது. சினேகாவின் செலவுக்கு அவன் சம்பளத்திலிருந்து ஒரு பகுதியைப் பிடித்து அனுப்பப் பட்டாளத்திலேயே வழி இருக்கிறதாம். அதற்கும் மறுபேச்சில்லாமல் தலையாட்டினான். மகள் விஷயத்தில் அவனைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

"படகு?" என்று கேட்டார் ஹில்டா.

"அது என்னுது மேடம். சினேகா பொறந்தப்ப என் பணத்துல வாங்குனது. அத்த வித்துட்டு ஆவடியாண்ட மனை வாங்கப்போறேன். அடுத்த வருஷம் ரிட்டயர்டு ஆவுறேன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தப் படகுக்கு 'ஜவான்' என்று பேர். அதில் மூன்று பேர் கடலுக்குப் போகிறார்கள். அது கொண்டுவரும் மீனால்தான் இந்தக் கரையில் நான் நிமிர்ந்து நடக்கிறேன். அது போனால் இன்னொருத்தி படகுக்குக் கூடை சுமக்க வேண்டியதுதான். அப்படியும் நான் வாயைத் திறக்கவில்லை. திறக்கக் கூடாது, ஊர்க்கட்டு.

கடலில் இருப்பவனுக்குக் கெட்ட சேதி சொல்லக் கூடாது என்பது எங்கள் கரையின் கட்டு. வீட்டில் சாவே விழுந்தாலும் அவன் கரையேறிய பிறகுதான் சொல்வோம். பட்டாளத்தில் இருப்பவனும் கடலில் இருப்பவன்தான் என்று ஊர்ப் பஞ்சாயத்தே சொல்லியிருந்தது. லீவில் வருவதெல்லாம் கரையேறுவது ஆகாதாம். ஆக, திருமலையிடம் சொல்லாத ஒரு சேதியை நானும் ஊரும் வருஷக்கணக்காக விழுங்கி வைத்திருந்தோம்.

படகை ஊரில் பேசி முடித்துவிட்டு வரச் சொன்னார் ஹில்டா. ஞாயிற்றுக்கிழமை அம்மன் கோயில் முன்னால் பஞ்சாயத்து கூடியது. ஊர்ப் பெரியவர் வேலப்பன் நடுவில் உட்கார்ந்தார். ஆம்பிளைகள்தான் பேசுவார்கள், பெண்கள் ஓரமாக நிற்கவேண்டும். நானும் நின்றேன்.

"ஜவான் என் படகு. பங்கு பிரிச்சி எனக்குக் குடுத்துடுங்க" என்றான் திருமலை.

தெருவே கேட்கிற மாதிரி வம்பு பேசுகிற ஆம்பிளைகளெல்லாம் மணலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஊர் ஒத்துக்கொண்டது என்று நினைத்தோ என்னவோ, திருமலை மீசையை நீவிவிட்டுக்கொண்டான். இனி பொறுத்தால் படகு போய்விடும் என்று நடுவில் போய் நின்றேன்.

"பொம்பள இன்னாத்துக்கு நடுவுல வர்ற?" என்றது ஒரு குரல்.

"மாமா, ஒண்ணே ஒண்ணு கேக்குறேன்" என்று வேலப்பனைப் பார்த்துச் சொன்னேன். "பங்கு எங்க பிரிப்பீங்கோ? கடல்லயா, கரையிலயா?"

"இன்னாமே கேள்வி இது? கரையேறுன பொறவுதான்."

"இவரு பங்கு பிரிக்கச் சொல்லிகினு கீறாரு. அப்ப இவரு கரையேறிட்டாரா, இல்லியா?"

வேலப்பன் என்னையே பார்த்தார். பிறகு துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார். "ஏறிட்டான். சொல்லு" என்றார்.

"யோவ், நீ வாங்குன படகு இல்ல அது" என்றேன். "நீ கார்கில்ல இருந்தப்ப, நீ வாங்குனத அலை தூக்கி எண்ணூர் ரோட்டோரம் கொட்டிக்கீற கருங்கல்லு மேல அடிச்சிது. ரெண்டா பூட்சி. ஆளுங்கோ நீந்தி வந்தாங்கோ. இப்ப கீறது எங்கம்மா போட்ட நகைய வித்து, கடன உடன வாங்கி, நான் வாங்குனது. அதே பட்டறையில, அதே அச்சுல செஞ்சது. நீ வந்து பாத்தா மன்சு ஒடஞ்சி பூடுவன்னு அதே பேர எயுத வெச்சேன்."

திருமலை சிரித்தான். "இத்தினி வருஷமா? எனக்குத் தெரியாமயா?" என்று சுற்றிலும் பார்த்தான். கூடச் சிரிக்க ஒருத்தரும் இல்லை.

"அல்லாருக்கும் தெரியும் நைனா" என்றார் வேலப்பன். "நீ அங்க குண்டுக்கு நடுவுல கீற. உன்னாண்ட யாரு வந்து சொல்லுவா?"

"அப்ப என் படகு எங்க?"

"வூட்டுக்குப் பின்னால கோயிக் கூண்டு கீதே, முட்டை எடுக்கக் குனிவியே, அதுக்குக் கூரையா கவுந்து கீதுய்யா. வேணும்னா எடுத்துக்கினு போ. கோயிய மட்டும் வுட்டுடு" என்றேன்.

அவ்வளவுதான், மணலைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களெல்லாம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். எனக்கும் சிரிக்க ஆசைதான். ஆனால் அவன் முகம் வெளுத்துப்போனதைப் பார்த்ததும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன். கார்கில் சண்டையின்போது அவனுக்காகப் பயந்து பயந்து செத்தவள் நான்தானே. அதற்காகப் படகை விட்டுக்கொடுக்க முடியுமா? ஜவான் புஷ்பவல்லியின் படகு என்று வேலப்பன் தீர்ப்புச் சொன்னார். திருமலை மறுவாரம் ஹில்டாவிடம் போய்க் கையெழுத்துப் போட்டான். போட்ட கையோடு பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவன் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டான்.

லீவு முடிவதற்கு முந்தின நாள் காலையில் ஜவான் கரைக்கு வந்தது. நல்ல மீன்பாடு, நிறைய கவலை மீன். ஆட்கள் படகை மேட்டுக்கு இழுத்துக்கொண்டிருந்தபோது, திருமலை பேண்டை மடித்துவிட்டுக்கொண்டு வந்து தோள் கொடுத்தான். யாரும் கூப்பிடவில்லை, யாரும் தடுக்கவும் இல்லை.

இழுத்தவர்களுக்கெல்லாம் வீட்டுக் குழம்புக்கு ஒரு கை மீன் கொடுப்பது வழக்கம். நான்தான் அள்ளிக் கொடுத்தேன். கடைசியில் அவன் நின்றான், இரண்டு கையையும் ஏந்திக்கொண்டு. மற்றவர்களுக்குப் போட்ட அளவே போட்டேன்.

"இதான் என் பங்கா?" என்றான்.

"பங்கு இல்ல. தோள் குடுத்ததுக்குக் கறிமீனு."

கைகளில் மீனைத் தாங்கியபடி, பழக்கத்தில் எங்கள் வீட்டுப் பக்கமாகவே நடந்தான். பாதி தூரம் போனதும் நின்றுவிட்டான். பிறகு அண்ணன் வீட்டுப் பக்கம் திரும்பினான். நான் கூப்பிடவில்லை. ஏலத்துக்கு ஆள் கூடிவிட்டது, முதல் கூடையைத் தூக்கி நடுவில் வைத்தேன்.