இருளப்பன் நெற்றியை நிரப்பிய கதை

இருளப்பனின் நெற்றியில், இடது புருவத்துக்கு மேலே, ஒரு முந்திரிக்கொட்டையைப் படுக்க வைக்கலாம். அவ்வளவு அளவான பள்ளம். வெள்ளவத்தையில் துணிக்கடை வேலை. குண்டுப் புரளி கிளம்பிய ஒரு மத்தியானம் "கடையப் பூட்டு!" என்று முதலாளி கத்த, ஷட்டரை இழுத்தவன் தன் தலையை வழியிலிருந்து எடுக்க மறந்துவிட்டான். குண்டு வெடிக்கவில்லை. எலும்பு மட்டும் உள்ளே போய்விட்டது.

வேறு ஊரென்றால் சிரித்துவிட்டு மறந்துவிடலாம். இரண்டாயிரத்து ஏழில், கொழும்பில், தமிழன் முகத்தில் பள்ளம் இருந்தால் அதற்கு வரலாறு சொல்ல வேண்டும். கொட்டாஞ்சேனை வீட்டிலிருந்து கடைக்குப் போக மூன்று சோதனைச்சாவடிகள். மூன்றிலும் பஸ்ஸை விட்டு இறக்கி, பள்ளத்தில் விரலை வைத்துப் பார்ப்பார்கள்.

"மொகக்த மே? ஷெல் பீஸ்த?" இது என்ன, ஷெல் துண்டா என்று சிங்களத்தில் கேட்பார்கள்.

"ஷட்டர், சேர். ரெதி கடே ஷட்டர்." துணிக்கடை ஷட்டர் என்பான் இருளப்பன்.

பொய் சொல்கிறவன் இதைவிட நல்லதாகச் சொல்லியிருப்பானே என்று யோசிக்க ஒருவருக்கும் பொறுமையில்லை. போன மாதம் இரண்டு நாள் உள்ளே வைத்துவிட்டார்கள். இன்னொரு தடவை உள்ளே போனால் வேலைக்கு வர வேண்டாம் என்றார் முதலாளி.

அதனால்தான் மனைவி மயிலம்மாவோடு பம்பலப்பிட்டியில் டொக்டர் தாஸிமின் முன் உட்கார்ந்திருந்தான். டொக்டர் தேங்காய் பார்ப்பது போல நெற்றியைத் தட்டினார்.

"ஜெல் ஒண்டு ஊசியால ஏத்தலாம். ஒரு வருஷம் போல நிக்கும், பொறகு கரஞ்சிரும். இல்லாட்டி எலும்புக்குப் பூசுற சீமெந்து மாதிரி ஒண்டு இருக்குது. அது நிரந்தரம்."

"சீமெந்தே பூசிருங்க டொக்டர்."

"அதுக்கு இந்தக் காதுலேந்து அந்தக் காது வரைக்கும், மயிருக்குள்ளால வெட்டணும்."

சிப்பாய் ஒருவன் காது முதல் காது வரை விரலை ஓட்டிக்கொண்டு போவது இருளப்பனுக்குக் கண்ணில் தெரிந்தது. "வேணாங்க. இந்தக் குழிக்கே ரெண்டு நாள்."

"அப்ப ஒங்கட வயித்துக் கொழுப்ப எடுத்து நெத்தியில ஏத்துவம். பாதி தங்கும், பாதி கரையும். மூணு மாசம் போனாத்தான் சரியான முகம் தெரியும்."

"கொழுப்புக்குப் பஞ்சமில்லீங்க," என்றாள் மயிலம்மா. "வாயிலயும் கொஞ்சம் எடுத்துக்கங்க."

மூன்று வாரத்தில் வீக்கம் வற்றியது. கரையப்போவதையும் சேர்த்து டொக்டர் தாராளமாகவே ஏற்றியிருந்ததால், நெற்றி புது ரப்பர் பந்து போலப் பளபளத்தது. முதல் சாவடியில் இருளப்பன் மாப்பிள்ளை மாதிரி நிமிர்ந்து நின்றான். சிப்பாய் நெற்றியைச் சட்டை செய்யவேயில்லை. அடையாள அட்டையைப் பார்த்தான். முகத்தைப் பார்த்தான். மறுபடியும் அட்டையைப் பார்த்தான்.

"மே உம்ப நெவெய்!" இது நீ இல்லை என்றான்.

பள்ளம் விழுந்த பிறகு எடுத்த அட்டை அது. படத்தில் குழி தெளிவாக இருந்தது. முகத்தில்தான் காணவில்லை. நெற்றியை மாற்றிய மேதைக்கு அட்டையை மாற்றத் தோன்றவில்லை.

அவனைக் கொண்டுபோன பொலிஸ் நிலையத்துக்கு மயிலம்மா டொக்டரின் கடிதத்தோடு மூச்சு வாங்க வந்து சேர்ந்தாள். தமிழ் தெரிந்த சார்ஜன்ட் அட்டையை அவளிடம் நீட்டினார்.

"இதுவும் அதுவும் ஒரு ஆளா?"

"ஒரே ஆளுதாங்க சார். நம்பலேன்னா மூணு மாசம் வச்சிருந்து பாருங்க. கொழுப்புக் கரைஞ்சி படத்துல உள்ள மாதிரியே வந்துருவாரு. சாப்பாடு மட்டும் கொறைச்சிக் குடுங்க."

சார்ஜன்ட் மேசையில் தட்டித் தட்டிச் சிரித்தார். கடிதத்தை இரண்டு முறை படித்தார். எழுந்து வந்து நெற்றியை ஒரு அமுக்கு அமுக்கிப் பார்த்துவிட்டு, அட்டையைத் திருப்பிக் கொடுத்தார்.

பஸ்ஸில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள்.

"புதுப்படம் எடுத்து அட்டய மாத்திருங்க."

"எந்த நெத்தியப் புடிக்கிறது? இதுலயும் பாதி கரையுமாமே."

மயிலம்மா அவன் நெற்றியைத் தன் சேலைத் தலைப்பால் மெல்லத் துடைத்தாள். கலியாணம் முடித்த நாள் முதல் இது புதுசு.

"நொந்திச்சா?"

"சீ, அதெல்லாம் இல்ல," என்றான் இருளப்பன், கண் கலங்கியதை வெயில் மேல் போட்டுவிட்டு.

அடுத்த சாவடியில் பஸ் நின்றது. ஆண்களை மட்டும்தான் இறங்கச் சொன்னார்கள். மயிலம்மா கடிதத்தைப் பிடித்துக்கொண்டு அவனுக்கு முன்னால் இறங்கினாள்.