ஏழாம் கட்டம்

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸுக்கு எதிரே இருந்த காப்பிக் கடையில் காலை எட்டு மணிக்குக் கன்னையா வந்து உட்கார்ந்தால், நாலு பேர் தாமாகவே நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொள்வார்கள். ஆள் பெரிய அறிவாளி என்பதற்காக அல்ல. அடுத்த தெருவில் இருந்த ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் அவர் கிராணி, அதாவது எழுத்தர். மாணவர் பதிவேடு அவர் கையில் இருந்தது. யாருடைய அப்பன் எந்த ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டுகிறான், எவன் எத்தனை தடவை பரீட்சையில் தோற்றான், எந்தப் பெண்ணுக்கு வலிப்பு வரும், எல்லாம் அங்கே காப்பியோடு சேர்ந்து பரிமாறப்படும்.

"நான் சொன்னேன்னு வெளிய சொல்லிடாதீங்க" என்று தினமும் முடிப்பார். ஊர் அதையும் சேர்த்தே சொல்லிக்கொண்டிருந்தது.

இதை ஒரு குற்றமாக அவர் நினைத்ததே இல்லை. நாலு விஷயம் தெரிந்த மனிதர் நாலு பேருக்குச் சொல்வதில் என்ன தப்பு என்பது அவர் எண்ணம்.

1932இல் தங்கமணி அந்தக் கல்லூரியில் சேர வந்தாள். பூச்சோங் பக்கத்து ரப்பர் தோட்டத்துப் பெண். தகப்பன் இல்லை. விண்ணப்பத்தின் ஆறு கட்டங்களையும் மளமளவென்று நிரப்பியவள், ஏழாவதில் பேனாவை நிறுத்திக்கொண்டாள். 'குடும்பத்தில் கொடிய நோய் உள்ளவர் யார்? இப்போது எங்கே?'

"ஐயா, இத எழுதித்தான் ஆகணுமா?"

"எழுதலன்னா சேத்துக்க மாட்டாங்கம்மா. பயப்படாத லா. இது நம்ம அலமாரிய விட்டு வெளிய போகாது."

அவள் நம்பினாள். 'தாய் பவுனம்மாள். தொழுநோய். சுங்கை பூலோ குடியிருப்பு' என்று எழுதிக் கொடுத்தாள். அந்தத் தாளை இரண்டு விரல் நுனியால் வாங்கிக்கொண்ட கன்னையா, அவள் போனதும் சோப்புப் போட்டுக் கை கழுவினார். கல்லூரி டாக்டர் அவளைச் சோதித்து, எந்த நோயும் இல்லை என்று சான்று எழுதினார். அது ஒரு கோப்புக்குள் போனது. தாயின் நோய் மட்டும் பதிவேட்டில் மை காயாமல் இருந்தது.

இரண்டு வருடம் படித்து, வகுப்பில் முதலாவதாகத் தேறினாள் தங்கமணி. கிள்ளானில் ஒரு பள்ளிக்கூடம் வேலைக்கான கடிதமும் அனுப்பிவிட்டது. அதற்குப் பிறகு, அந்தப் பள்ளிக் கமிட்டிச் செயலாளர் விஜயன் என்பவர் ஒரு நாள் கல்லூரிக்கு வந்தார். கல்லூரி முதல்வர் கந்தையா வெளியே போயிருந்த நேரம்.

"பெரிய கிராணி நீங்கதானே? உங்களக் கேட்டாத்தான் எதுவும் நடக்குமாமே" என்றார் விஜயன்.

கன்னையாவின் கழுத்து ஒரு அங்குலம் உயர்ந்தது. அந்தக் கல்லூரியில் பெரிய கிராணி, சின்னக் கிராணி எல்லாமே அவர் ஒருவர்தான்.

"என்ன வேணும், கேளுங்க."

"தங்கமணின்னு ஒரு பொண்ணு. குடும்பம் எப்படி?"

"நான் சொல்லக்கூடாது" என்றபடியே பதிவேட்டை விரித்து, ஏழாம் கட்டம் விஜயனுக்கு நேராக வரும்படி திருப்பி வைத்தார். "நீங்களே பாத்துக்குங்க."

அன்று அவர் ஒரு காசும் வாங்கவில்லை. வாங்கியிருந்தாலாவது அந்தப் பெண்ணின் வாழ்க்கைக்கு ஒரு விலை வைத்தார் என்று சொல்லலாம். பெரிய கிராணி என்ற வெறும் பட்டத்துக்கு அதைத் தூக்கிக் கொடுத்தார். மறுநாள் காப்பிக் கடையில் அந்தப் பெருமையோடு ஏழாம் கட்டமும் வெளியே வந்தது.

நாலாம் நாள் கிள்ளானிலிருந்து கடிதம் வந்தது. இடம் காலியில்லை. தங்கமணி தங்கியிருந்த வீட்டுக்காரி தனலெட்சுமி முதலில் அவளுக்குத் தனி டம்ளர் வைத்தாள். இரண்டு நாள் கழித்து அவளுடைய டிரங்குப் பெட்டியையே வாசலில் வைத்தாள்.

"தப்பா நெனக்காத. பிள்ளைங்க இருக்கிற வீடு. கடையில கிராணி சொன்னாராம்."

திங்கட்கிழமை தங்கமணி கல்லூரிக்கு வந்தாள். புதிதாகச் சேர வந்தவர்களும் பெற்றோரும் கையில் விண்ணப்பத்தோடு வராந்தாவில் வரிசையாக நின்றார்கள். அவள் நேராக மேசைக்கு முன்னால் போனாள்.

"எங்கம்மாவப் பத்தி யாருகிட்டச் சொன்னீங்க?"

கன்னையா தாள்களை அடுக்கினார். "பொய்யா சொன்னேன்? உள்ளதத்தானே சொன்னேன்?"

"நானும் உள்ளதத்தான் எழுதினேன். கடைக்காரங்களுக்கா எழுதினேன்?"

சத்தம் கேட்டுக் கந்தையா வெளியே வந்தார். யாழ்ப்பாணத்து மனிதர், கண்டிப்புக்குப் பெயர் போனவர். நடந்ததைக் கேட்டதும் முகம் சிவந்தது.

"கன்னையா, ஆரைக் கேட்டுப் பதிவுப் புத்தகத்தைக் காட்டினனீர்?"

வேலை போய்விடுமோ என்ற பயத்தில் கன்னையாவின் வாயில் முதல் தடவையாக உபயோகமான ஓர் உண்மை வந்தது.

"நீங்க வருஷா வருஷம் ரயில்வேக்கும் தோட்டத் துரைமாருக்கும் முழு மாணவர் பட்டியல் அனுப்புறீங்களே சார்? நாந்தானே நகல் எடுக்கிறேன். அதுலயும் ஏழாம் கட்டம் இருக்கே!"

கந்தையா மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அது... கல்லூரி வழக்கம். ஆள் எடுக்கிறவை கேக்கினம்."

"டாக்டர் எனக்கு நோய் இல்லன்னு எழுதினாரே சார், அத யாருக்காச்சும் அனுப்பினீங்களா?" என்றாள் தங்கமணி.

கந்தையா துடைத்த கண்ணாடியையே மறுபடியும் துடைத்தார்.

வரிசையில் முதலில் நின்ற பாலன், லோரி ஓட்டுகிறவர், தம் மகனின் விண்ணப்பத்தைக் கன்னையாவுக்கு முன்னால் நீட்டினார். "இது யார் யார் கைக்குப் போகும்னு சொல்லுங்க. அப்புறம் எழுதுறேன்."

கன்னையா கந்தையாவைப் பார்த்தார். கந்தையா தரையைப் பார்த்தார். பாலன் மேசையிலிருந்த பேனாவை எடுத்து ஏழாம் கட்டத்தின் மேல் குறுக்கே ஒரு கோடு இழுத்தார். பின்னால் நின்றவர்களும் ஒவ்வொருவராக அந்தப் பேனாவுக்குக் கை நீட்டினார்கள். கன்னையா நிமிர்ந்தார். அத்தனை பேரும் தன்னைப் பார்க்கிறார்கள் என்பது தெரிந்தது. இப்படிப் பார்க்கப்படுவது எப்படி இருக்கும் என்று அதுவரை அவர் யோசித்ததே இல்லை.

"பிள்ளை, கிள்ளானுக்கு நானே கடிதம் எழுதுறன்" என்றார் கந்தையா, தணிந்த குரலில்.

"வேணாம் சார். அம்மா இருக்கிற சுங்கை பூலோவுல பிள்ளைங்களுக்குப் பாடம் சொல்ல ஆள் தேடுறாங்க. நான் அங்க போறேன். என் சான்றிதழ மட்டும் குடுங்க."

கன்னையா எழுந்து நின்று, இரண்டு கையாலும் அதை எடுத்துக் கொடுத்தார். "தெரியாமச் செஞ்சிட்டேம்மா" என்றார். சொல்லும்போதே அது பொய் என்று அவருக்கே பட்டது.

தங்கமணி சான்றிதழை மடிக்காமல் பிடித்துக்கொண்டு இருவரையும் பார்த்தாள்.

"படிக்கணும்ங்கிற தேவைக்காக ஒருத்தர் தன் வீட்டு ரகசியத்த எழுதிக் குடுக்கிறாங்க. அது உங்க சொத்து இல்ல, உங்கள நம்பி விட்ட பொருள். அதக் காப்பாத்த முடியாதவங்களுக்கு அதக் கேக்கிற யோக்கியதையே கிடையாது."