ஒரு வார்த்தைக்கு ஒரு மேட்னி

...சுட்டுத் தொலையேன், எதிரேதானே நிற்கிறான், நடுவில் ஒரு மரம்தான், இடைவேளை முடிந்ததிலிருந்து இவன் அவனைத் தேடுகிறான், அவன் இவனைத் தேடுகிறான், இரண்டு பேரும் ஒரே யுத்தத்தில் ஒன்றாக நின்ற பட்டாளத்துக்காரர்களாம், அப்புறம் எதற்கு இந்தக் கொலைவெறி? அதை மட்டும் சொல்லமாட்டார்களாம், சஸ்பென்ஸாம், மண்ணாங்கட்டி. துப்பாக்கிச் சத்தமாவது காதில் விழுகிறதா, எங்கள் தெரு விசைத்தறிச் சத்தத்தில் பாதி இல்லை. முந்தானை பாக்கியிருக்கிற புடவையைத் தறியிலேயே விட்டுவிட்டு, போஸ்டரை நம்பி இவரை இழுத்துக்கொண்டு வந்தேனே, என்னைச் சொல்லவேண்டும்... என் வீட்டுக்காரர், ரிட்டையர்டு ஹவில்தார் வேணுகோபால், பக்கத்து சீட்டில் பாப்கார்னை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தின்கிறார். எல்லையில் என்ன பார்த்தார், யார் செத்தார்கள், ஒரு நாளும் வாயைத் திறந்ததில்லை. தூக்கத்தில் இந்தியில் ஏதோ கத்துவார், இன்னாங்க என்றால் 'கனா', அவ்வளவுதான். திரையில் ரத்தத்தைப் பார்த்தாலாவது மனசு இளகாதா, எங்கள் பிள்ளை கிரணுக்குப் பட்டாளம் வேண்டாம் என்று ஒரு வார்த்தை வராதா... அடுத்த திங்கட்கிழமை கிளம்புகிறான், ஆள் சேர்ப்பில் பாஸாகிவிட்டான். நான் அழுதால் 'சும்மா இரும்மா' என்பான், அப்பா வேண்டாம் என்றால் நின்றுவிடுவான். இந்த மனுஷனைக் கேட்டால் 'அவன் இஷ்டம்'. இது ஒரு பதிலா? பெற்றவனுக்கென்று ஒரு இஷ்டம் கிடையாதா? எனக்கு வயிறு எரிகிறது, இவருக்குப் பாப்கார்ன்.

கடைசியில் இரண்டு பேருக்கும் தோட்டா தீர்ந்துபோய்க் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள், அடச்சே, விளக்கைப் போட்டுவிட்டார்கள். முன் வரிசையில் ஒருத்தர், 'காசு குடுத்து தலவலி வாங்கிகினு போறோம்பா' என்று எழுந்தார். வண்டி நிறுத்துகிற இடத்தில், போனால் போகிறது என்று நானே கேட்டேன், 'படம் எப்டிங்க?' யோசித்தார். 'அந்த பூட்ஸ போட்டுகினு காட்ல ஓட முடியாது, ஹேமா. கால் புண்ணாயிடும்.' ஐயோ, இதுதானா? இத்தனை பேர் செத்து விழுந்த படத்தில் இவர் கண்ணுக்குத் தெரிந்தது பூட்ஸா? இன்று விடுவதில்லை, கேட்டுவிட வேண்டியதுதான் என்று, 'ஏங்க, நம்ம கிரண...' என்று ஆரம்பித்தேன். அவர் வண்டியை எடுக்காமல் பஜார் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். 'அவன் காலு எட்டா, ஒம்பதா? இன்னிக்கே ஒரு ஜோடி வாங்கிடலாம். போறதுக்குள்ள போட்டுப் பழகட்டும். புதுசா போட்டுகினு போயி மொத வாரம் பட்ட பேஜாரு எனக்குத்தான் தெரியும்.' இத்தனை வருஷத்தில் பட்டாளத்தைப் பற்றி இவர் தானாகச் சொன்ன முதல் பேச்சு... அப்படியானால் எப்போதோ முடிவு செய்துவிட்டாரா, நான்தான் தெரியாமல் ஒரு வார்த்தைக்குக் காத்துக்கொண்டிருந்தேனா? வேண்டாங்க, அவன் போக வேண்டாம் என்று கத்தத்தான் வாயைத் திறந்தேன். சாமி சத்தியமாக அதற்குத்தான். 'ஒம்பது' என்று வந்தது. யோசிக்கக்கூட இல்லை, கேட்டதும் சொல்லிவிட்டேன்... அவர் தலையை ஆட்டிவிட்டு வண்டியை உதைத்தார், நானும் பின்னால் ஏறி உட்கார்ந்துகொண்டேன்.