காபியில் கலந்த வெந்தயம்

தடால்!

கீழே முடிதிருத்தும் கடையில் ஏதோ விழுந்த சத்தம். மாடியில் வெந்தயம் வறுத்துக்கொண்டிருந்தவள் அடுப்பை அணைத்துவிட்டு ஓடினாள்.

சுழல் நாற்காலிக்குப் பக்கத்தில் கணவர் சுருண்டு கிடந்தார். சட்டை வியர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது. பாதி முகத்தில் சோப்பு நுரையோடு வாடிக்கையாளர் வெலவெலத்துப் போய் நின்றார்.

"கத்தி என் கழுத்துல இருக்கறப்போ அண்ணன் கை நடுங்குச்சு அண்ணி. அவரே அதைத் தூக்கிப் போட்டுட்டுச் சாஞ்சாரு. கடையில கூட்டம்னு மத்தியானம் சாப்பிடக்கூடப் போகலையாம்."

மருத்துவமனையில் குளுக்கோஸ் ஏற்றினார்கள்.

"சர்க்கரை ரொம்ப இறங்கிடுச்சு. என்ன மாத்திரை சாப்பிடறாரு?" என்றார் டாக்டரம்மா.

"அவராவது, மாத்திரையாவது! சர்க்கரை வியாதியே இல்லைன்னு என் கண்ணு முன்னாடி மருந்துச் சீட்டைக் கிழிச்சுப் போட்டவரு."

சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். அந்தச் சண்டைக்குப் பிறகுதான் அவள் வெந்தயத்தைக் கையில் எடுத்தாள். கருக வறுத்து, பொடித்து, அவருடைய காபியில் கலந்தாள். "கசக்குதே" என்றால், "உங்க வாய் அப்படி" என்பாள். அரை ஸ்பூன் போதவில்லையோ என்று குவித்துக் குவித்துப் போட்டாள். அவர் இளைத்தபோது, ஜெயித்துவிட்டதாக உள்ளுக்குள் சிரித்தாள். பாவி நான், அவரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே! கத்தி கழுத்தில் இறங்கியிருந்தால் இரண்டு குடும்பம் நடுத்தெருவுக்கு வந்திருக்கும்.

சொன்னால் ஆயுசுக்கும் முகத்தில் முழிக்க மாட்டார். சொல்லாவிட்டால் வைத்தியமே தப்பாகிவிடும்.

"நான்தான் டாக்டர். அவருக்குத் தெரியாம காபியில வெந்தயப் பொடி குடுத்துட்டு வந்தேன்."

டாக்டரம்மா யோசித்தார். "வெந்தயம் சர்க்கரையக் குறைக்கும்தான். ஆனா அது மட்டும் ஒரு ஆளை இப்படிச் சாய்க்காதும்மா. கூட வேற ஏதோ உள்ள போயிருக்கு."

கட்டிலில் அசைவு. கணவர் எப்போதோ கண்விழித்திருந்தார். அவள் பக்கம் திரும்பாமல் சுவரைப் பார்த்தபடியே சொன்னார்:

"சீட்டைக் கிழிச்ச மறுநாளே வேற சீட்டு வாங்கி, கடையில ஒளிச்சு வெச்சு மாத்திரை போட்டுட்டுதான் இருக்கேன்... உன்கிட்ட தோத்துட்டேன்னு சொல்லத்தான் வாய் வரல."