கம்பெனி கட்டிய வேட்டி

பொழுது விடிவதற்குள் பிண்ணாக்கைச் சுரண்டி முடிக்க வேண்டும். சாயப்பொடி செய்யும் இடத்தில் பிண்ணாக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்கலாம். சொல்கிறேன்.

பெரிய தொட்டியில் அமிலமும் சாயச்சரக்கும் சேறாகக் கொதிக்கும். அந்தச் சேற்றிலிருந்து தண்ணீரைப் பிரிக்கிற இயந்திரத்துக்கு ஃபில்டர் பிரஸ் என்று பெயர். சிலேட்டுகளை நெருக்கி அடுக்கியதுபோல் கனமான தகடுகள். தகட்டுக்குத் தகடு நடுவே கெட்டித் துணி. பம்பு சேற்றை உள்ளே தள்ளும். தண்ணீர் துணி வழியே கசிந்து ஓடிவிடும். சாயம் மட்டும் அடையாக இறுகிக்கொள்ளும். முனையிலிருக்கும் சக்கரத்தைச் சுற்றித் தகடுகளைத் தளர்த்தினால் அந்த அடை பொத்தென்று கீழே விழும். பார்த்தால் செக்கடியில் எடுத்த பிண்ணாக்குதான். விழாமல் துணியில் ஒட்டியிருப்பதை மரத்தகட்டால் சுரண்டுவது எங்கள் வேலை, பெண்கள் வேலை. நெடி தொண்டையைக் கிழிக்கும். துப்பினால் எச்சில் மஞ்சள். குளித்துவிட்டுத் தலை துவட்டினால் துண்டு மஞ்சள். எங்கள் கையைப் பார்த்ததுமே பஸ் கண்டக்டர் சிப்காட் தொழிற்பேட்டைக்குச் சீட்டுக் கிழித்துவிடுவார்.

முதலாளி ராஜாமணியை நாங்கள் யாரும் முதலாளி என்று சொன்னதில்லை. ‘கம்பெனி’ என்றுதான் சொல்வோம். “கம்பெனி வந்துடுச்சி, பேச்ச நிறுத்து.” “கம்பெனிக்கு இன்னிக்கி மூஞ்சி சரியில்ல.” யார் தொடங்கிய பழக்கமோ தெரியாது. அவரும் அதைக் கேட்டுக் கேட்டுப் பழகி, கம்பெனி என்றால் திரும்பிப் பார்ப்பார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் ரயிலேறிச் சிதம்பரம் போவேன். கீழவீதிக்குப் பக்கத்தில், ஒரு பாத்திரக்கடை மாடியில், அலுவலக நிர்வாகம் சொல்லிக்கொடுக்கும் தொழிற்பயிற்சி நிலையம் இருந்தது. மஞ்சள் கையோடு சாக வேண்டாம், ஏதாவது ஆபீசில் ஒரு நாற்காலி கிடைக்காதா என்று சேர்ந்தவள் நான். தட்டச்சு, கடிதம் எழுதுதல் எல்லாம் வந்தன. ஆனால் என்னைப் பிடித்து இழுத்தது கம்பெனிச் சட்டம். செம்பியன் சார் நடத்துவார். கடலூர்க் கோர்ட்டில் இளம் வக்கீல். கோட்டு வாங்கிய கடனுக்காக வகுப்பெடுக்கிறேன் என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

கம்பெனி என்பது ஒரு நபர் என்றார் அவர். மனுசன் இல்லை, சட்டம் செய்துவைத்த நபர். அதற்குப் பெயர் உண்டு, முகவரி உண்டு. நிலம் வாங்கும், வழக்குப் போடும். பசிக்காது, நோய் வராது. அதை நடத்துகிற ஆள் செத்தாலும் அது சாகாது. இங்கிலாந்தில் ஒருவர் பூட்ஸ் தைத்து விற்கும் தன் கடையையே கம்பெனியாக மாற்றினாராம். சட்டம் ஏழு பேர் கேட்டது. அவர், மனைவி, ஐந்து பிள்ளைகள், ஏழு ஆகிவிட்டது. பிறகு கம்பெனி நொடித்தபோது கடன்காரர்கள் அவர் கழுத்தைப் பிடித்தார்கள். கம்பெனி வேறு, அவர் வேறு, விடுங்கள் என்றது நீதிமன்றம்.

நல்ல இயந்திரத்தின் மூடியைக் கழற்றி உள்ளே பல்சக்கரம் ஓடுவதைப் பார்த்ததுபோல் இருந்தது எனக்கு. அந்தப் பல்லில் ஒருவன் சிக்குவான் என்று அன்று தோன்றவில்லை.

சிக்கியவன் கொளஞ்சி. மங்கலம்பேட்டைப் பக்கத்திலிருந்து வந்து எங்களிடம் பிரஸ் ஓட்டுகிறவன். பம்பு பார்க்கிற சேரனின் மனைவிக்குத் தம்பி. பிரஸ்ஸைத் திறக்குமுன் பம்பை நிறுத்தி, வடிகுழாயைத் திறந்து, உள்ளே இருக்கும் அழுத்தம் இறங்கிவிட்டதா என்று அழுத்தமானியில் முள்ளைப் பார்க்க வேண்டும். எங்கள் அழுத்தமானியின் முள் மாதக்கணக்கில் அசையாமல் கிடந்தது. வடிகுழாயும் அடிக்கடி அடைத்துக்கொள்ளும். எனவே கொளஞ்சி தகட்டின் மேல் உள்ளங்கையை வைத்து, சூடு தணிந்த பிறகே சக்கரத்தைத் தொடுவான்.

அன்று விடியற்காலையில் ராஜாமணியே உள்ளே வந்துவிட்டார். வெள்ளை வேட்டியைச் சாயம் படாமல் முழங்கால்வரை தூக்கிப் பிடித்திருந்தார்.

“லாரி நிக்கிது. இன்னாடா தடவிக்கிட்டு இருக்க? தொற.”

“முள்ளு செத்துக் கெடக்குதுங்க. உள்ள அழுத்தம் இருக்கா இல்லியான்னு தெரியல. கொஞ்சம் ஆறட்டுங்க.”

“உங்க ஊருல முள்ளப் பாத்துதான் மாடு மேய்ச்சியா? தொறடான்னா!”

கொளஞ்சி சக்கரத்தைச் சுற்றினான். தகடுகள் விலகிய இடுக்கிலிருந்து கொதிக்கும் சேறு விசிறியடித்தது. அவன் கத்தியது எங்கள் காதில் சரியாக விழவில்லை; வாயிலும் சேறு. சேரன் அவனைக் குழாயடிக்கு இழுத்து ஓடினான். குழாயில் தண்ணீர் நூலாக வந்தது. சுரண்டிக்கொண்டிருந்த தைலம்மாள் அக்கா குடிக்க வைத்திருந்த குடத்தை அப்படியே அவன் முகத்தில் கவிழ்த்தாள்.

இடது கண் போய்விட்டது. வலது கண் புகைமூட்டமாகத் தெரிகிறது. பாண்டிச்சேரியில் பெரிய கண் ஆஸ்பத்திரியில் பல மாதம் வைத்தியம் பார்த்தால் காப்பாற்றலாம், தள்ளிப்போட்டால் அதுவும் போகும் என்றார்கள் அரசு மருத்துவமனையில். வேலையில் அடிபட்டவன் இவன் என்று ஆலை ஒப்புக்கொண்டால்தான் அந்த வைத்தியத்துக்குப் பணம் கிடைக்கும்.

நாங்கள் ஆலை கேட்டில் கூடி நின்றோம். ராஜாமணி காரிலிருந்து இறங்காமல் கண்ணாடியை மட்டும் இறக்கினார்.

“கொளஞ்சியா? அப்படி ஒரு ஆளு எங்க பதிவுல இல்லியே.”

“உங்க கண்ணு முன்னாலதான பட்டுச்சி?” என்றான் சேரன்.

“இத பாரு. எடம் ஒரு கம்பெனியோடது. மிஷினு இன்னொரு கம்பெனியோடது. நீங்கள்லாம் ஆளு அனுப்புற கம்பெனியில வேல செஞ்சீங்க. அத போன மாசமே மூடியாச்சி. இல்லாத கம்பெனிகிட்ட போயி எத கேப்ப?”

“அப்ப தொறடான்னு சொன்னது யாரு?” என்றாள் தைலம்மாள் அக்கா.

“நான் டைரக்டரும்மா. சம்பளத்துக்கு வேல செய்யிறவன். உன்ன மாதிரி.”

“என்ன மாதிரியா? எங்க, கையக் காட்டு. மஞ்சளக் காணமே?”

யாரோ சிரித்தார்கள். அவர் முகம் இறுகியது.

“நான் கம்பெனி இல்ல. புரிஞ்சிக்கங்க.”

“இத்தினி வருசமா கம்பெனின்னு கூப்புட்டா திரும்பிப் பாத்தியே சாமி!” என்றாள் அக்கா.

“அது உங்க அறியாம. புதுக் கம்பெனி தொடங்கியிருக்கேன். இந்த மாசம்தான் வேலைக்கிச் சேந்தோம்னு எழுதி வெச்சிருக்கு. திங்கக்கெழமைக்குள்ள கையெழுத்துப் போடுறவங்களுக்கு வேல. மத்தவங்க வேற எடம் பாத்துக்கலாம்.”

கண்ணாடி ஏறிவிட்டது. அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டால், கொளஞ்சியோடு நாங்கள் ஒருநாளும் வேலை பார்க்கவில்லை என்று ஆகிவிடும். அவனுக்குச் சாட்சி சொல்ல ஓர் ஆள் இருக்காது. போடாவிட்டால் எங்கள் வீட்டில் உலை வைக்க முடியாது. பூட்ஸ்கடைக்காரர் ஒரு கம்பெனிதான் வைத்தார். இவர் மூன்று வைத்திருக்கிறார். படித்த சட்டம் கண்முன்னே ஓடியது, பல் பல்லாக.

மறுநாள் சேரனும் தைலம்மாள் அக்காவும் சொல்லச் சொல்ல நான் புகார் எழுதினேன். தொழிலாளர் துறை அலுவலகத்தில் அதிகாரி அதை உரக்கப் படித்தார்.

“‘வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வந்த கம்பெனி, திறடா என்று அதட்டியது.’” மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். “ஏம்மா, கம்பெனி எப்படி வேட்டி கட்டும்?”

அறையில் எல்லோரும் சிரித்தார்கள். கம்பெனிச் சட்டம் படிப்பவள் நான் எழுதிய வாக்கியம் அது. அவர் கேலிக்காக மட்டும் கேட்கவில்லை. “சொன்னது யாருன்னு பேர எழுதுங்க. சாட்சி யாரு? மூணு பேருதானா? மூணு பேரையும் நாளைக்கே வெளிய நிறுத்திடுவாங்க. உங்களுக்குச் சங்கம் இல்லியா?”

ஞாயிறன்று இதைச் சொன்னபோது செம்பியன் சாரும் முதலில் சிரித்தார். பிறகு சாக்பீஸைக் கீழே வைத்தார்.

“இளமதி, நீங்க எழுதினது தப்பு இல்ல. கம்பெனி ஒரு திரை. ஏமாத்துறதுக்காக அதத் தொங்கவிட்டிருந்தா, சில வழக்குல கோர்ட்டே திரைய விலக்கிப் பாக்கும். உத்தரவு போடுறது யாரு, லாபம் யாருக்குப் போவுதுன்னு பாக்கும். நீங்க மொதல்லருந்தே திரைய பாக்கல, வேட்டியத்தான் பாத்திருக்கீங்க. இன்னொண்ணு. ஒப்பந்த ஆளா இருந்தாலும், ஆலைக்குள்ள அடிபட்டா ஆலைய நடத்துறவங்க பதில் சொல்லணும்னு வேற சட்டம் இருக்கு.”

“அப்ப ஜெயிச்சிடுவமா சார்?”

“தெரியாது. இழுக்கும். சாட்சி நிக்கணும். பெரும்பாலும் அங்கதான் ஒடியும்.”

சாட்சி ஏன் ஒடிகிறது? தனித்தனியாக நிற்பதால். நான் எழுந்து கேட்டேன்: “சார், ஏழு பேரு சேந்து நாங்க ஒரு கம்பெனி ஆவ முடியாதா?”

வகுப்பே சிரித்தது. “மொதலு போட மஞ்சப்பொடி இருக்கா?” என்றான் பின்பெஞ்சுக்காரன்.

சார் சிரிக்கவில்லை. “கம்பெனி எதுக்கு? தொழிற்சங்கச் சட்டம் இருக்கே. உங்க ஆலை அளவுக்கு அதுக்கும் ஏழு பேருதான். பதிவு ஆச்சின்னா அதுவும் சட்டத்துக்கு ஒரு நபர்.”

அன்று மாலையே ஆஸ்பத்திரி சைக்கிள் ஸ்டாண்டில் கூடினோம். மேலே வார்டில் கொளஞ்சி இரண்டு கண்ணிலும் கட்டோடு கிடந்தான். நான் ஒவ்வொன்றாக விளக்கினேன். நம்மால் செய்யப்பட்ட ஒரு நபர். அதற்கு நம் பெயர் இருக்காது, தன் பெயர் இருக்கும். கொளஞ்சிக்காக அது பேசும், மனுக்கொடுக்கும்.

“அதுக்குச் சோறு போடணுமா?” என்றாள் தைலம்மாள் அக்கா.

“வேணாக்கா.”

“அப்ப வரட்டும்.”

“அத வேலைய உட்டுத் தூக்க முடியுமா?” என்றான் சேரன்.

“முடியாது.”

“நம்மளத் தூக்கலாம்ல?”

பொய் சொல்ல மனம் வரவில்லை. “தூக்கலாம். தூக்கக் கூடாதுன்னு கேஸ் போடலாம். ஆனா மொதல்ல தூக்கிடுவாங்க.”

இரண்டு பேர் சைக்கிளை எடுத்துக்கொண்டு, எங்கள் முகத்தைப் பார்க்காமல் போனார்கள். அவர்களைக் குறை சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை. இன்னும் சிலர் தண்ணீர் குடிக்கப் போனவர்கள் திரும்பவில்லை. சங்கத்தைப் பதியக் கேட்கும் மனுவில் ஆறு பேர் கையெழுத்துப் போட்டோம். ஏழாவது இடம் காலியாக இருந்தது. வார்டு மணி அடித்து, வெளியாட்களை அனுப்பத் தொடங்கினார்கள்.

மூட்டை தூக்கும் சின்னையன் அதுவரை தூணுக்குப் பின்னால் நின்றிருக்கிறார். தலைத்துண்டைக் கையில் முறுக்கிக்கொண்டே வந்தார்.

“நேத்தே கம்பெனி தாள்ல போட்டுட்டேன் இளமதி. ரெண்டு பொம்பளப் புள்ளய வெச்சிருக்கேன். பயந்துட்டேன். அதுல போட்ட கையால இதுலயும் போடலாமா, சட்டம் உடுமா?”

“போடலாம் அண்ணே.”

அவர் பேனாவை உளியைப் பிடிப்பதுபோல் பிடித்தார். எழுத்து அழுந்திப் பின்தாளிலும் பதிந்தது.

திங்கட்கிழமை விடிந்தும் விடியாமல் மேனேஜர் ஆபீஸ் வாசலில் நின்று கூப்பிட்டார். உள்ளே மேசைக்குப் பின்னால் ராஜாமணி. மேசையில் தாள்கள், மைப்பெட்டி. நாங்கள் சுரண்டிக்கொண்டிருந்த மரத்தகட்டைக் கீழே வைத்தோம். மனு இன்னும் சேரன் சட்டைப்பையில்தான் இருந்தது. பகலில்தான் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். பதிவாக எத்தனை மாதம் ஆகுமோ. சட்டப்படி பார்த்தால் அந்த நபர் இன்னும் பிறக்கவில்லை. ஆஸ்பத்திரியில் கொளஞ்சியின் கண்கட்டை இன்னும் அவிழ்க்கவில்லை.

ஏழு பேரும் நடந்தோம். உலர்த்தும் அறையிலிருந்து இன்னும் நான்கைந்து பேர் எட்டிப் பார்த்தார்கள். அதில் ஒருத்தி, முந்தானையால் முகத்துப் பொடியைத் துடைத்தபடியே, எங்கள் பின்னால் வந்து சேர்ந்துகொண்டாள். பிறகு இன்னொருவர். வாசல் கொள்ளாமல், தோளோடு தோள் இடித்துக்கொண்டு அறைக்குள் நுழைந்தோம். வெள்ளைத் தரையெல்லாம் மஞ்சள் காலடி.

ராஜாமணி பேனாவை மேசையில் தட்டினார். “இன்னா இது, சந்தையா? எல்லாரும் வெளிய போங்க. ஒருத்தர் ஒருத்தரா உள்ள வாங்க.”

தைலம்மாள் அக்கா நகரவில்லை.

“ஒருத்தர்தான்யா வந்திருக்கோம்.”