மணி கேட்கவில்லை

நூலகத்தின் பின்னறையில், ஒரு காது மட்டும் வேலை செய்யும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, டைப்பிஸ்ட் அக்கா ஐந்து மாதமாக ஊரைக் கேட்டுக்கொண்டிருந்தாள். மலையூருக்கு நூறு வயது ஆகிறது, பெரியவர்கள் கண்ணை மூடுவதற்குள் அவர்கள் வாயாலேயே பழைய கதைகளைப் பதிவு செய்து புத்தகமாகப் போட்டுவிட வேண்டும் என்று கமிட்டி முடிவு பண்ணியிருந்தது. பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் வீடு வீடாகப் போய் ரெக்கார்டரை நீட்டுவார். பேசியதை எழுத்தாக்குவது அக்காவின் வேலை. பத்து வார்த்தை கேட்பாள், நிறுத்துவாள், அடிப்பாள், மறுபடி ஓடவிடுவாள். இருமல், தும்மல், நடுவில் மருமகள் மாத்திரை கொண்டுவந்து கொடுப்பது இதெல்லாம் வேண்டாம், மற்றதெல்லாம் பேசினபடியே வரவேண்டும் என்பது நூலகர் போட்ட சட்டம்.

ஊருக்கு முதன்முதலில் கரண்ட் வந்த அன்று இங்கே இருந்ததே முந்நூறு பேர். ரெக்கார்டரில் பேசினவர்களைக் கேட்டால், அத்தனை பேரும் ஸ்விட்ச் போட்டவர் தோளோடு தோள் உரசிக்கொண்டு நின்றிருக்கிறார்கள். அந்த ஆளுக்கு மூச்சு முட்டியிருக்குமே சார் என்று அவள் கேட்டதற்கு நூலகர் விழுந்து விழுந்து சிரித்தார். ஒருத்தர் விடாமல் அடியுங்கள், யார் புளுகினார்கள் என்று அடுத்த நூறு வருஷத்துக்காரன் கண்டுபிடிக்கட்டும் என்றார்.

வீட்டுக்குப் போனால் அப்பா தினமும் ஒரே கேள்விதான் கேட்பார். எண்பத்து நாலு வயது, இரண்டு கண்ணிலும் புரை விழுந்து ஆள் நிழலாகத்தான் தெரியும். "என்னை எப்ப கூப்பிடுவாங்க பாப்பா?" என்பார். அவளுக்கு ஐம்பத்திரண்டு ஆகிவிட்டது, அவருக்கு இன்னும் பாப்பாதான். ஆணியில் இஸ்திரி போட்ட சட்டை ஒன்று ஐந்து மாதமாகத் தொங்கியது. வாத்தியார் திடீரென்று வந்துவிட்டால் சட்டென்று மாட்டிக்கொள்வதற்காம். பட்டியலில் அவர் பேர் இல்லை என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. வரிசைப்படி கூப்பிடுகிறார்கள் என்று சொல்லிச் சொல்லி நாளை ஓட்டினாள்.

பேர் இல்லாததற்குக் காரணம் ஊருக்கே தெரியும். அந்தக் காலத்தில் உச்சியில் கல்குவாரி இருந்தது. வெட்டின கல், கம்பியில் தொங்கும் இரும்புத் தொட்டிகளில் ரோட்டுக்கு இறங்கும். மேல் கொட்டகையில் அந்தக் கம்பியை இழுக்கும் விஞ்ச் இயந்திரத்தை ஓட்டியவர் அப்பா. கீழ்க் கொட்டகையில் கல்லை இறக்கிவிட்டு மேலே மணி அடித்துச் சொல்பவர் மணிக்காரர். ஒரு மணி என்றால் நிறுத்து, இரண்டு மணி என்றால் ஓட்டு. நாற்பத்தோரு வருஷத்துக்கு முன்னால் ஒரு பனி நாளில், சிக்கிக்கொண்ட கல்லைப் பெயர்க்க மூன்று ஆட்கள் கீழே தொட்டிக்குள் இறங்கியிருந்தபோது தொட்டி கிளம்பிவிட்டது. மூன்று பேரையும் பள்ளத்திலிருந்துதான் எடுத்தார்கள்.

விசாரணையில் மணிக்காரர், நிறுத்தச் சொல்லி மணி அடித்தேன் என்றார். அப்பா, மணி கேட்கவில்லை என்றார். அந்த இரண்டு வார்த்தைக்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. மேலே தூங்கிவிட்டான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். ஒரே வாரத்தில் வேலை போயிற்று, குவாரி வீடு போயிற்று. அன்றிலிருந்து அவருக்குத் தூங்குமூஞ்சி என்று பேர். துணி தைக்கக் கொடுத்தால் தையல்காரர் அடையாளச் சீட்டில் "தூங்குமூஞ்சி மகள்" என்றுதான் இன்றைக்கும் எழுதுகிறார். பாவம், அவர் கெட்ட மனுஷன் இல்லை, அப்படித்தான் எல்லோருக்கும் தெரியும்.

அவளும் அதைத்தான் நம்பினாள். பதினைந்து வயதில் பள்ளிக்கூடத்தை விட்டு நின்ற அன்று, சந்தையில் மூட்டை தூக்கிவிட்டு வந்து உட்கார்ந்த மனுஷனிடம், நீங்கள் மட்டும் அன்றைக்குக் கண்ணை மூடாமல் இருந்திருந்தால் எனக்கு இந்தக் கதி வருமா என்று கேட்டுவிட்டாள். அவர் தோளில் ஒட்டியிருந்த சாக்கு நாரை ஒவ்வொன்றாகப் பிய்த்துக்கொண்டிருந்தார்.

மணிக்காரரைப் பதிவு செய்துகொண்டு வந்த அன்று வாத்தியார் ரெக்கார்டரை மேஜையில் வைக்காமல் அவள் கையில் கொடுத்தார். "அக்கா, இதை நீங்க தனியா இருக்கும்போது கேளுங்க" என்று சொல்லிவிட்டு முகத்தைப் பார்க்காமல் போய்விட்டார். அவள் கதவைச் சாத்திக்கொண்டு கேட்டாள். முதலில் குவாரியில் போட்ட சாப்பாடு, சம்பள நாள் சண்டை. பிறகு நீளமாக ஒரு இருமல். பிறகு அந்தக் குரல்.

"மணியே கிடையாது தம்பி. மழையில ஒயர் அறுந்து அஞ்சு மாசம் ஆச்சு. மேனேஜர்கிட்ட சொன்னா, ஆகட்டும் பாக்கலாம்பாரு. நாங்க ஸ்பேனரால கம்பியைத் தட்டுவோம். ஒரு தட்டுன்னா நிறுத்து, ரெண்டு தட்டுன்னா ஓட்டு. மேல அவன் கம்பி மேல கையை விரிச்சு வெச்சுக்கிட்டு நிப்பான். தட்டுறது அவன் உள்ளங்கைக்குப் போய்ச் சேந்துடும். அன்னைக்குக் கண்ணு தெரியாத பனி. பசங்க தொட்டியை விட்டு வெளிய வந்துட்டாங்கன்னு நெனச்சுக்கிட்டு ரெண்டு தட்டு தட்டினது நான்தான்."

தட்டுகிற விஷயம் வெளியே வந்தால் குவாரியையே இழுத்து மூடிவிடுவார்கள், மணி அடித்ததாகச் சொல் என்று மேனேஜர் வீட்டுக்கு வந்து மிரட்டினாராம். மணிக்காரருக்கு அப்போது நாலு குழந்தைகள், கடைசி கைக்குழந்தை. "விசாரணையில அவன் என்னையே பாத்தான். நான் தலையைக் குனிஞ்சுக்கிட்டேன். மணி கேக்கலைன்னு மட்டும் சொன்னான், நிஜம்தானே, இல்லாத மணி எப்படிக் கேக்கும். இன்னும் ஒரு வார்த்தை சேத்திருந்தா என் குடும்பம் தெருவுக்கு வந்திருக்கும். அவன் குடும்பம் வந்துச்சு."

நிறுத்தி நிறுத்தி, அழுது அழுது, இரண்டு பக்கம் அடிப்பதற்குள் மத்தியானம் ஆகிவிட்டது. அந்த இருமலைக்கூட விடாமல் அடித்தாள்.

ரெக்கார்டரை வெளியே கொண்டுபோகக் கூடாது. சனிக்கிழமை அவள் அதைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனாள். அப்பா அதை நன்றாகக் கேட்கிற காதில் அழுத்தி வைத்துக்கொண்டார். ரெண்டு தட்டு தட்டினது நான்தான் என்கிற இடத்தை மறுபடி போடச் சொன்னார். இன்னொரு தடவை போடச் சொன்னார். "சொல்லிட்டானா" என்றார். "கடைசியில சொல்லிட்டானா, கிறுக்குப்பய." மணிக்காரர் போன வாரம்தான் போய்ச் சேர்ந்திருந்தார், பேசிப் பத்து நாள்கூட ஆகவில்லை.

அவள் அவர் காலடியில் உட்கார்ந்து, என்னிடமாவது சொல்லியிருக்கலாமே அப்பா என்று கேட்டாள். நாற்பத்தோரு வருஷம் ஒரே சட்டியில் சோறு தின்றிருக்கிறோம், நானே உங்களைத் தூங்குமூஞ்சி என்று நினைத்தேனே என்றாள்.

"சொன்னா நீ சண்டைக்குப் போவே. அவன் புள்ளைங்க உன்கூடத்தானே படிச்சுதுங்க" என்று அப்பா சொன்னார். அவ்வளவுதான் அவர் பதில்.

திங்கட்கிழமை ரெக்கார்டரை அதன் இடத்தில் வைத்துவிட்டு, நூலகரிடம் போய் நின்றாள். என் அப்பாவையும் பதிவு செய்யுங்கள், இரண்டு நிமிஷம் போதும் என்றாள். அடித்த பக்கங்களைப் படித்துவிட்டு நூலகரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார், அதைப் பொய் என்று சொல்லக் கூடாது. வாத்தியார் வந்தார். ஆணியில் தொங்கின சட்டை ஒருவழியாக இறங்கியது. முடிதிருத்துபவர் அன்று காலையிலேயே வந்து முகத்தை மழித்துவிட்டுப் போயிருந்தார்.

வாத்தியார் எப்படியெல்லாமோ கேட்டுப் பார்த்தார். ஒயர் எப்போது அறுந்தது, மேனேஜர் என்ன சொன்னார், ஸ்பேனரால் எப்படித் தட்டுவார்கள். அப்பா தலையை ஆட்டினாரே தவிர வாயைத் திறக்கவில்லை. செத்தவன் எல்லாவற்றையும் தானே சொல்லிவிட்டுப் போயிருக்கிறான், நான் வேறு எதற்கு அவனைத் தனியாகக் குத்திக் காட்டவேண்டும் என்பது அவர் கணக்கு. அவள்தான் பக்கத்தில் உட்கார்ந்து, ஏதாவது ஒரு வார்த்தை சொல்லுங்கள் அப்பா, உங்கள் பேரும் வரவேண்டும் என்று கெஞ்சினாள். கடைசியில் தொண்டையைக் கனைத்துக்கொண்டு சொன்னார்.

"கீழ இருந்தவன் சொன்னதெல்லாம் சத்தியம். மணி எனக்குக் கேக்கலை."

அதை அன்று மாலையே அடித்து, மணிக்காரரின் பக்கங்களுக்கு அடுத்ததாகச் சேர்த்துக் கொடுத்தாள். அந்தப் பதிவுக்கு ஒரு காப்பி எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. நூலகத்தில் இருக்கிற பொருள் எங்கே போய்விடப் போகிறது என்று நினைத்தாள்.

மூன்று மாதம் கழித்துப் புத்தகக் கட்டு வந்து இறங்கியது. பின்னறையில் அவளே சணலை அறுத்தாள். நல்ல தாள், கெட்டி அட்டை, மை வாசனை. குவாரிப் பகுதியைத் தேடி எடுத்தாள். அங்கே மணிக்காரரின் பேச்சில் சாப்பாடு இருந்தது, சம்பள நாள் சண்டை இருந்தது. அதற்குப் பிறகு நாலே வரி. அன்று பனி அதிகமாக இருந்தது. நிறுத்தச் சொல்லி மணி அடித்தேன். மேலே இருந்தவர் கவனிக்கவில்லை. மூன்று நல்ல பிள்ளைகளை இழந்தோம். அதற்கு நேர் கீழே, இஸ்திரிச் சட்டையோடு அப்பா படம். படத்துக்குக் கீழே, கொட்டை எழுத்தில், கீழே இருந்தவர் சொன்னதெல்லாம் சத்தியம், மணி எனக்குக் கேட்கவில்லை.

அவள் புத்தகத்தை எடுத்துக்கொண்டு நூலகர் அறைக்குப் போனாள். அவர் எழுந்து நின்றார். அப்புறம் உட்கார்ந்தார். கமிட்டித் தலைவர் அச்சுக்குப் போகும் முன் எல்லாவற்றையும் வாங்கிப் படித்தாராம். அந்தப் பழைய மேனேஜரின் மகன்தான் அவர். மணிக்காரரின் மூத்த பையனும் வந்து, பெண்ணுக்குக் கல்யாணம் பேசியிருக்கிறோம், இந்த நேரத்தில் எங்கள் அப்பா பேரைக் கெடுக்காதீர்கள் என்று அழுதானாம். விசாரணைக் காகிதத்தில் இருந்ததைப் போட்டுச் சரிக்கட்டிவிட்டார்கள். ரெக்கார்டரைக் கமிட்டி திரும்ப வாங்கி எல்லாவற்றையும் அழித்துவிட்டது. அவள் அடித்த பக்கங்களையும் கேட்டு வாங்கிக்கொண்டார்களாம்.

"அப்பாவோடதையாவது எடுத்திருக்கலாமே சார்."

"சொன்னேன்மா. தலைவருக்கு அது ரொம்பப் பிடிச்சுப் போச்சு. இந்த வயசுல தப்பை ஒத்துக்கிட்டாரே, பெரிய மனசுன்னார். பெரிசா போடச் சொன்னதே அவர்தான்." மேஜை மேலிருந்த ரப்பர் ஸ்டாம்பை நகர்த்தி நகர்த்தி வைத்தார். "எனக்கு ரிட்டயர் ஆக ஏழு மாசம் இருக்கும்மா."

"சொல்ல மாட்டேன்னுதான் சார் இருந்தார். நான்தான் கெஞ்சிச் சொல்ல வெச்சேன்" என்றாள். அதற்கு மேல் அங்கே நிற்க முடியவில்லை.

புத்தகம் இன்னும் வரவில்லை என்று சொல்லிவிடலாம், ஒரு மாதம் சொல்லலாம், ஒரு வருஷம்கூடச் சொல்லலாம் என்று நினைத்துக்கொண்டே வீட்டுக்கு நடந்தாள். ஆனால் பேசினவர்கள் வீட்டுக்கெல்லாம் கமிட்டி ஆளே ஒரு பிரதி கொண்டுபோய்க் கொடுத்திருந்தான். அப்பா ஜன்னலோரம் நாற்காலியில், மடியில் புத்தகத்தோடு, இரண்டு கையையும் அதன்மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்தச் சட்டையையும் போட்டுக்கொண்டிருந்தார்.

"எங்க இருக்கு? படி பாப்பா."

அவள் புத்தகத்தைப் பிரித்தாள். பிரித்த பக்கத்தைப் பார்க்காமல், ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு, மணியே கிடையாது தம்பி என்று ஆரம்பித்தாள். ஒயர் அறுந்தது, ஆகட்டும் பார்க்கலாம், ஸ்பேனர், உள்ளங்கை, பனி, ரெண்டு தட்டு. ஒரு எழுத்து பிசகவில்லை. அழுது அழுது அடித்தது எங்கே மறக்கும். நடுவில் குரல் உடைந்தபோது, இருக்கட்டும், மெதுவாகப் படி என்று அவர்தான் தேற்றினார்.

முடித்ததும் அப்பா அந்தப் பக்கத்தைக் காட்டச் சொல்லி, ஆள்காட்டி விரலை அதற்குள் வைத்துப் புத்தகத்தை மூடிக்கொண்டார். கதவைத் திறந்து வை, யாராவது வருவார்கள் என்றார்.

சவரப் பெட்டியோடு முடிதிருத்துபவர்தான் வந்தார். அது அவர் வருகிற நாள். துண்டைக் கழுத்தில் போடுவதற்குள் அப்பா புத்தகத்தை விரித்து நீட்டினார். "என்னைப் பத்தி வந்திருக்கு. சத்தமா படிங்க, தெருவுக்குக் கேக்கணும்." அடுப்படி வாசலில் நின்ற அவள் கதவைப் பிடித்துக்கொண்டாள். முடிதிருத்துபவர் பக்கத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினார். உதடு அசையப் படித்தார். படத்தைப் பார்த்தார். தலை நிமிர்ந்து அவளைப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"எழுத்து ரொம்பப் பொடியா இருக்குங்க" என்றார் முடிதிருத்துபவர். "நான் கண்ணாடி எடுத்துட்டு வரலை."

"அதுக்கென்ன, அடுத்த வாரம் கண்ணாடியோட வாங்க" என்று சொல்லி, அப்பா அதே இடத்தில் விரலை வைத்துப் புத்தகத்தை மூடி, முகத்தை நிமிர்த்திக் காட்டினார். சோப்பு நுரை போட்டு, மழித்து, துடைத்து, பெட்டியை மூடுகிற வரைக்கும் அந்த விரலை அவர் எடுக்கவில்லை.