ஒரே கோப்பில் இரண்டு தேதிகள்

மருதமுத்துவுக்கு இரண்டு உத்தியோகம். ஒன்று கம்பெனி கொடுத்தது: மைன்ஸில் கன்வேயர் பெல்ட் ஓடுகிற இடத்தில் எலக்ட்ரீஷியன். இன்னொன்று அவராகவே தலையில் தூக்கிப் போட்டுக்கொண்டது: கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதுவது. யாரும் எழுதச் சொல்லவில்லை, யாரும் சொல்லிக் கொடுக்கவும் இல்லை. பழைய புத்தகம் ஒன்றை வைத்துக்கொண்டு, ஷிப்ட் முடிந்து வந்து, லுங்கியோடு உட்கார்ந்து நாலு வருஷம் மல்லுக்கட்டினார். கடைசியில் உருப்படியாக ஒன்றை எழுதி முடித்தார். அதுதான் அந்தக் கடிகாரம்.

திரையின் மூலையில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு பெட்டி. ஒரு தேதியைக் கொடுத்துவிட்டால், அதற்கு இன்னும் எத்தனை நாள், எத்தனை மணி, எத்தனை நிமிஷம் என்று இறங்கிக்கொண்டே இருக்கும். அவ்வளவுதான் சமாச்சாரம். ஆனால் கம்பெனி நகரியத்தில் அதற்கு வந்த கிராக்கியைப் பார்க்க வேண்டுமே! கூட வேலை பார்த்த சைபுல்லா, மகள் கல்யாணத் தேதிக்கு வாங்கிப் போனார். ப்ளஸ் டூ பரீட்சைக்கு, பேரன் பிறக்கும் தேதிக்கு என்று பென்டிரைவை நீட்டியவர்களுக்கெல்லாம் சும்மாவே கொடுத்தார் மருதமுத்து. அடியில் பொடி எழுத்தில் தன் பெயர் வரும், அதை மட்டும் யாரும் எடுக்கக் கூடாது. அது ஒன்றுதான் கண்டிஷன்.

அவர் கம்ப்யூட்டரில் ஓடியது அவருடைய ரிட்டயர்மென்ட் தேதி. எண்ணூற்றுச் சொச்சம் நாள் பாக்கி. கடைசி நாளில் மாலை போட்டு, வெடி வெடித்து, கூட்டாளிகள் குவார்ட்டர்ஸ் வாசல் வரை கொண்டுவந்து விடுவார்கள். முப்பத்து மூன்று வருஷம் கரித்தூசி தின்றவனுக்கு அந்த ஒரு நாள் போதும் என்பார்.

ஆறு மாதமாக வீட்டில் வேறு அவருக்கு ராஜமரியாதை. மனைவி செங்கமலம் மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு பின்னாலேயே வந்தாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் காதில் விழும்படி, "ஏங்க, கேஸ அணைச்சீங்களா? நேத்து மாதிரி மறந்துடாதீங்க" என்றாள். நேற்று அவர் அடுப்பங்கரைப் பக்கமே போகவில்லை. இருந்தாலும் அக்கறையில் சொல்கிறாள் என்று சிரித்துக்கொண்டார். மகன் அறிவுச்செல்வன் இன்னும் ஒரு படி மேலே. இருபத்தேழு வயது, டிப்ளமோ படித்துவிட்டு ஐந்து வருஷமாகக் கான்ட்ராக்டில் கிடந்து அல்லாடுகிறவன், திடீரென்று அப்பாவைச் சைக்கிள் தொடவிடாமல் தானே பைக்கில் கொண்டுபோய் விட்டான்.

"பையனுக்கு இப்பத்தான் பொறுப்பு வந்துகினு இருக்கு" என்று சைபுல்லாவிடம் பெருமையடித்துக்கொண்டார் மருதமுத்து. பாவி மனுஷன்!

அந்தப் புரோகிராமில் ஒரு கோளாறு இருந்தது. கம்ப்யூட்டரில் அப்பாவுக்கு ஒரு கணக்கு, மகனுக்கு ஒரு கணக்கு, தனித்தனி பாஸ்வேர்டு. ஆனால் கடிகாரம் எல்லாத் தேதிகளையும் ஒரே கோப்பில்தான் எழுதிவைத்தது. ஒரே வீட்டில் ஆளுக்கொரு ரகசியம் இருக்கும் என்பது அதை எழுதும்போது மருதமுத்துவின் புத்திக்கு எட்டவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை, முதல் ஷிப்ட் முடிந்து வந்த மத்தியானம், கடிகாரத்தில் ஏதோ திருத்துவதற்காக அந்தக் கோப்பைத் திறந்தார். முதல் வரியில் அவர் தேதி. இரண்டாவது வரியில் இன்னொன்று. பக்கத்தில் 'அப்பா போர்டு' என்று எழுதியிருந்தது. இன்னும் பதினோரு நாள்.

போர்டு என்றால் என்னவென்று நகரியத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். மெடிக்கல் போர்டு. உடம்போ புத்தியோ சரியில்லை என்று டாக்டர்கள் எழுதிக் கொடுத்துவிட்டால் ஆளை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். சர்வீஸ் ரெண்டு வருஷத்துக்கு மேல் பாக்கி இருந்தால் பிள்ளைக்கு அந்த வேலை கிடைக்கும் என்று டீக்கடைக்கு டீக்கடை பேச்சு. மருதமுத்து எழுந்து வீட்டைத் துழாவினார்.

மேஜை இழுப்பறையில், மகன் சர்ட்டிபிகேட் வைக்கும் ஃபைலில் மனுவின் நகல் இருந்தது. செங்கமலத்தின் குண்டு குண்டான கையெழுத்து. 'என் கணவருக்கு ஆறு மாத காலமாக ஞாபக மறதியும் மனக்குழப்பமும் உள்ளது. வீட்டுக்கு வழி தெரியாமல் வேறு பிளாக்குக்குப் போய்விடுகிறார்.'

அடப்பாவிகளா! போன வருஷம் குவார்ட்டர்ஸ் மாறிய புதிதில், பழக்க தோஷத்தில் சைக்கிளைப் பழைய பிளாக்குக்கு விட்டுவிட்டார். யார்தான் விடவில்லை? எல்லா பிளாக்கும் ஒரே அச்சு, எல்லா வீடும் ஒரே சுண்ணாம்பு. குவார்ட்டர்ஸ் மாறுகிற ஒவ்வொருவனும் ஒருமுறையாவது பழைய வாசலில் போய் நின்றுவிட்டுத்தான் வருவான். அன்றைக்கு மூன்று பேரும் வயிறு வலிக்கச் சிரித்தார்களே! அந்தச் சிரிப்பைத்தான் மனுவில் எழுதியிருக்கிறாள்.

மனுவுக்கு அடியில், 'சம்மதம்' என்ற இடத்தில் அவருடைய கையெழுத்தே இருந்தது. மெடிக்கல் புக் புதுப்பிக்கணும் என்று மகன் நீட்டிய தாள். புரோகிராமில் ஒரு கமா விட்டுப்போனாலும் ராத்திரி பகலாகத் தேடுகிற மனுஷன், பெற்ற பிள்ளை நீட்டிய தாளைப் படிக்காமல் போட்ட கையெழுத்து.

உடனே கத்தித் தீர்த்திருக்கலாம். கத்தவில்லை. மகனுக்கு வேலை வேண்டும் என்பது அவருக்கும் தெரியாதா? நேருக்கு நேராக வந்து கேட்கட்டும் என்று கோப்பை மூடிவிட்டுக் காத்திருந்தார். பதினோரு நாள் இருக்கிறதே, இரண்டு பேரில் ஒருவராவது வாய் திறக்காமலா போவார்கள்?

திறக்கவில்லை. செங்கமலம் மாத்திரை கொடுத்தாள், முருங்கைக்கீரை வதக்கிப் போட்டாள். மகன் பைக்கில் ஏற்றிக்கொண்டு போனான். முன்பு தேனாக இருந்ததெல்லாம் இப்போது கசந்தது. போர்டுக்கு முந்தின நாள் சாயங்காலம் அவரே வாய்விட்டுக் கேட்டார்.

"நாளைக்கு எதுக்கு என்னை ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போறீங்க?"

"சும்மா மாஸ்டர் செக்கப்புதான்ப்பா" என்றான் அறிவுச்செல்வன், செல்போனிலிருந்து தலையைத் தூக்காமல்.

"வயசாவுதில்லீங்க? பாத்துக்கிட்டா நல்லதுதான" என்றாள் செங்கமலம்.

சரி, அப்படியானால் போர்டிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்று அன்றைக்கே முடிவு கட்டிவிட்டார். கேட்கிற கேள்விக்கெல்லாம் டாண் டாணென்று பதில் சொல்லவேண்டும். இந்தத் தலை நன்றாக இருக்கிறது என்று டாக்டர்களே எழுதித் தரவேண்டும். வேலையைப் பிறகு யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கட்டும். பைத்தியக்காரப் பட்டத்தோடு மட்டும் மைன்ஸை விட்டு வெளியே போகமாட்டேன்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் மகன் வராந்தாவில் நின்றுகொண்டான். உள்ளே மூன்று டாக்டர்கள். துணைக்கு வந்தவள் என்று செங்கமலத்தைப் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்தார்கள். நடுவில் இருந்தவர் தன்மையானவர்.

"இன்னைக்கு என்ன தேதி?" சொன்னார். "கிழமை?" சொன்னார். "நூறுல ஏழு போனா? அதுல ஏழு போனா?" கேட்ட இடத்தில் நிறுத்தாமல் இரண்டு வரைக்கும் இறங்கிக் காட்டினார். பிளாக், தெரு, குவார்ட்டர்ஸ் நம்பர், ஒன்றும் பிசகவில்லை. டாக்டர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நல்லா இருக்காரேம்மா" என்றார் நடுவில் இருந்தவர்.

செங்கமலம் முந்தானையைக் கண்ணுக்குக் கொண்டுபோனாள். "இங்க நல்லாத்தாங்க பேசுவாரு. வூட்ல வந்து பாருங்க சார். முந்தாநேத்து எம்பேரே தெரியலீங்க அவருக்கு. யாரு நீ, ஏன் என் வூட்டுக்குள்ள வந்தன்னு கேக்கறாரு. முப்பது வருசமா குடும்பம் பண்றேங்க, எம் மனசு என்ன பாடுபடும்?" கண்ணீர் நிஜமாகவே கன்னத்தில் ஓடியது.

மருதமுத்து அவளைத் திரும்பிப் பார்த்தார். முந்தாநாள் சாயங்காலம் இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து வேர்க்கடலை உரித்தார்கள். அவள் தங்கை மகளுக்கு வரன் பார்ப்பதைப் பற்றிப் பேசினார்கள். அதே வாய்தான் இது. ஒரு வார்த்தை தடுமாறவில்லை, ஒரு தடவை இவர் முகத்தைப் பார்க்கவில்லை.

டாக்டர் மெதுவாகக் கேட்டார். "சொல்லுங்க, இவங்க யாரு?"

மருதமுத்து பார்த்தார். மூக்குத்தியைப் பார்த்தார், நரைத்த வகிட்டைப் பார்த்தார், ஈரக் கன்னத்தைப் பார்த்தார். பதில் நாக்கு நுனியில்தான் இருந்தது. அதைச் சொல்லிவிட்டால் ஜெயித்துவிடலாம் என்பதும் தெரிந்தது. ஆனால் எவ்வளவு நேரம் பார்த்தும், இவளைத் தெரியும் என்று சொல்ல அவருக்கு மனசு வரவில்லை.

"தெரியலீங்க" என்றார்.

செங்கமலத்தின் அழுகை சட்டென்று நின்றது. "என்னங்க... என்னங்க, நான்தாங்க!" என்று அவர் கையைப் பிடித்தாள். மருதமுத்து கையை விடுவித்துக்கொண்டார்.

டாக்டர் பேனாவைத் திறந்து எழுதத் தொடங்கினார்.